மண் தரும் பொருளும் நாம் இழக்கும் சாட்சியமும்

கிழக்கிலங்கையின் தமிழரும் முஸ்லிம்களும் காசைச் 'சல்லி' என்றே சொல்வது வழக்கம். திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்துள்ள கிராமத்தின் பெயரும் சல்லிதான். காசின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்றாக இருப்பதாலோ என்னவோ, இக்கரையோரத்தில் மண்ணிலிருந்து ஓர் உலோகத் துண்டு வெளிப்பட்டால், பார்ப்பவர் வாயில் முதலில் எழும் கேள்வி 'இது எவ்வளவு பெறும்?' என்பதாகவே இருக்கிறது.

கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவன்று. 'இது எங்கே கிடந்தது, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது, இதனுடன் வேறு என்ன கிடந்தது?' என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும். ஏனெனில் மண்ணுக்குள்ளிருந்து வரும் பொருள், தான் கிடந்த இடத்தையும் சேர்த்தே பேசுகிறது. இடம் அழிந்தால் பொருள் ஊமையாகி விடுகிறது. எமது மாவட்டத்திலோ அதற்கு மேலும் ஓர் ஆபத்து உண்டு. வெளிப்படுவது பழங்காசாகவும் இருக்கலாம். வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம். காணாமற்போன ஒருவரின் கடைசி அடையாளமாகவும் இருக்கலாம்.

பல அடுக்குகள் கொண்ட கரை

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நிலம் பல காலங்களின் படிவுகளைத் தன்னுள் அடக்கியது. சல்லிக்கு அண்மையிலுள்ள நிலாவெளியில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு, கோணேச்சரத்துக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதைக் கூறுகிறது. 1620-களில் போர்த்துக்கேயர் அந்த ஆலயத்தை இடித்துக் கோட்டை கட்டினர். 1639-இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1782 என்ற ஒரே ஆண்டில் பிரித்தானியரும் அவர்களுக்குப் பின் பிரெஞ்சுக்காரரும் அதனைப் பிடித்தனர். 1795-இல் மீண்டும் பிரித்தானியர் வந்தனர். 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீது குண்டு வீசின. அன்று தீப்பற்றிய சகாயிங் என்ற கப்பலை, எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து 2018-இல் இலங்கைக் கடற்படையினர் கடலடியிலிருந்து உயர்த்தினர். பின்னர் மூன்று தசாப்த காலப் போர் வந்தது. அதன் நடுவே 2004 டிசம்பர் 26-ஆம் திகதி ஆழிப்பேரலையும் வந்து கரையைப் புரட்டிப் போட்டது.

ஆகவே இங்கு கிணறு வெட்டும்போதும், அத்திவாரம் தோண்டும்போதும், கடல் அரிப்பின் பின்னரும் வெளிப்படும் ஒரு பொருள் இவற்றில் எக்காலத்துக்கும் உரியதாக இருக்கலாம். இதற்கு மிகச் சிறந்த உதாரணம் எமது நகரத்திலேயே உண்டு. 1950-இல் நகரசபைத் தொழிலாளர் குடிநீர்க் கிணறு தோண்டியபோது, கோணேச்சரத்திலிருந்து ஏறத்தாழ 500 யார் தொலைவில் வெண்கலத் திருவுருவங்கள் மண்ணுக்குள் புதைந்திருக்கக் கண்டனர். சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி ஆகிய உருவங்கள் அவற்றுள் அடங்கும். போர்த்துக்கேயரின் அழிவுக்கு அஞ்சி ஆலயத்தவர் அவற்றைப் புதைத்துக் காத்தனர் என்று கொள்ளப்படுகிறது. 1963-இல் அவை ஆலயத்தில் மீண்டும் எழுந்தருளின. 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் நீருள் மூழ்கி, பழைய ஆலயத்தின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். நிலத்தில் மறைத்ததும் கடலில் எறியப்பட்டதும் சேர்ந்தே அந்த வரலாற்றை முழுமையாக்கின.

அந்தத் தொழிலாளர் தாம் கண்டதை இரவோடிரவாக எடுத்து உருக்கி விற்றிருந்தால், நாம் இழந்திருப்பது வெண்கலத்தின் விலையை மட்டுமன்று. முன்னூறு ஆண்டுக்கு முன் தம் தெய்வங்களைக் காத்தவர்களின் செயலுக்கு இருந்த ஒரே சாட்சியத்தையும் இழந்திருப்போம்.

கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

நிலத்தடி உலோகத்தைக் கண்டறியும் கருவி இன்று பலர் கைக்கும் எட்டுகிறது. இதன் தொடக்கம் புதையல் தேடுவதற்காக அமைந்ததன்று. 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலிலிருந்த குண்டைத் தேடுவதற்காகவே அலெக்சாந்தர் கிரகாம் பெல் இத்தகைய ஒரு கருவியை அமைத்தார். முயற்சி பலிக்கவில்லை; நோயாளி கிடந்த மெத்தையின் உருக்குச் சுருள்கள் கருவியைக் குழப்பியதும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி யோசப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி காணும் கருவி, 1942-இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் பயன்பட்டது. உயிர் காக்கப் பிறந்த கருவி இது என்பதை மறத்தலாகாது.

இதன் செயல்முறை எளிது. கருவியின் அடியிலுள்ள கம்பிச் சுருளில் மாறும் மின்னோட்டம் பாய்ந்து, மண்ணுக்குள் மாறும் காந்தப் புலத்தை ஏற்படுத்துகிறது. அப்புலத்தினுள் உலோகம் இருந்தால் அதில் சிறு சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை உண்டாக்கும் எதிர்ப் புலத்தை உணர்ந்து கருவி ஒலியெழுப்புகிறது. தனி நாணயம் ஒன்றைப் பொதுவாக ஒரு சாண் ஆழம் வரையில்தான் இவ்வாறு உணர முடியும். நிலத்தினுள் பல அடி ஆழத்தில் தங்கம் இருப்பதை ஒளிப்படமாகக் காட்டும் என்று கூறி விற்கப்படும் கருவிகளை நம்பிப் பணத்தை இழப்போருக்கு இதனைச் சொல்வது எமது கடமையாகும்.

எமது கரையில் கருவிக்கு மேலும் இடர் உண்டு. உப்பு நீர் ஊறிய மணல் மின்னைக் கடத்துவதால் பொய்யொலி எழும். வடக்கே புல்மோட்டைக் கரையில் செறிந்துள்ள இல்மனைற்று போன்ற கரிய கனிய மணலும் காந்தப் புலத்தைப் பாதிக்கும். எனவே ஒலித்த இடமெல்லாம் உலோகம் இல்லை. ஒலிக்காத இடமெல்லாம் வெறும் மண்ணும் இல்லை. கிடப்பது காசா, ஆணியா, வெடிபொருளா என்பதைக் கருவி உறுதியாகக் கூற மாட்டாது. அதனை அறிவதற்கு மனித அறிவே வேண்டும்.

அடையாளம் காணும் முறை

உலோகம் தன் வயதை நிறத்திலும் துருவிலும் ஓரளவு காட்டும். செம்பும் வெண்கலமும் பச்சை படியும். இரும்பு செந்துருவாகி வீங்கிப் பிளக்கும். வெள்ளி கறுக்கும். ஈயம் வெளிறிய சாம்பல் நிறம் கொள்ளும். பொன் மட்டும் மாறாது. இந்தப் பச்சையையும் கருமையையும் அழுக்கென்று கருதி, வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தை விளக்குவது போலப் புளியிட்டுத் தேய்ப்பவர் பலர். அத்துடன் எழுத்தும் அச்சும் போய்விடுகின்றன. கடலிலிருந்து எடுத்த இரும்பை வெயிலில் உலர்த்தினால் உள்ளே ஊறிய உப்பு அதனைச் சில மாதங்களில் உதிர்த்து விடும். கண்டெடுத்ததைத் தேய்க்காமல் விடுவதே அதற்குச் செய்யக்கூடிய முதல் உதவியாகும்.

அடுத்தது வடிவம். ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும், அருகே நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயரும் கொண்ட செப்புக்காசு சோழர் வழி வந்தது. இடபமும் 'சேது' என்ற தமிழ்ச் சொல்லும் உள்ளது யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளுடையது. நடுவில் சதுரத் துளை உடையது சீனக் காசு. மூன்று எழுத்துக்கள் ஒன்றன் மேலொன்று பின்னிய சின்னம் உடையது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புத் துட்டு.

காசு என்றே தோன்றாத காசும் உண்டு. கடற்றொழிலாளர் ஒருவர் மணலில் கறுத்து வளைந்த கம்பித் துண்டொன்றைக் கண்டால் பழைய தூண்டில் முள் என்று வீசிவிடக்கூடும். ஆனால் அது லாரின் எனப்படும் வெள்ளி நாணயமாக இருக்கலாம். பாரசீகத்தின் லார் நகரால் பெயர் பெற்ற இந்நாணயம், 16-ஆம் 17-ஆம் நூற்றாண்டுகளில் பாரசீக வளைகுடாவிலிருந்து மாலைதீவு, இலங்கை வரை வணிகர் கைகளில் புழங்கியது. இலங்கையில் அதனைத் தூண்டில் முள் போலவே வளைத்தனர். எடை ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. கூர்ந்து நோக்கினால் தட்டையாக அடிக்கப்பட்ட பகுதியில் அரபு எழுத்தின் வடிவம் தெரியும். ஒரு வளைந்த கம்பி, அரபு வணிகத்தின் பாதை இக்கரை வரை நீண்டதற்குச் சான்றாகி விடுகிறது.

எழுத்து இருந்தால் அடையாளம் இன்னும் உறுதிப்படும். 1961-இல் தென்கிழக்குக் கடலில் கிரேட் பாசஸ் பாறைத் திட்டருகே, மைக் வில்சனும் அவருடன் மூழ்கிய இரு அமெரிக்க இளைஞரும் சிதைந்த கப்பலொன்றைக் கண்டனர். அதில் கிடைத்தவற்றுள் பவளம் படிந்து கல்லுருண்டை போலக் காணப்பட்டவை, உண்மையில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கிடந்த வெள்ளி ரூபாய்கள். பாரசீக எழுத்தில் மொகலாய மன்னர் ஒளரங்கசீப்பின் பெயரும், அச்சிட்ட நகரான சூரத்தின் பெயரும், ஹிஜ்ரி 1113 என்ற ஆண்டும் அவற்றில் இருந்தன. ஹிஜ்ரி ஆண்டைப் பொது ஆண்டாக மாற்ற, அதனை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் போதும். 1701 அல்லது 1702 என வரும். முன்னைய மொகலாயர் காசுகள் பலவற்றில் காணப்படும் கலிமா இவற்றில் இல்லை. புனித வசனம் கைப்பட்டும் காற்பட்டும் மாசுறக் கூடாதெனக் கருதி ஒளரங்கசீப் அதனை நாணயங்களிலிருந்து நீக்கியிருந்தார். பாரசீகம் வாசிக்கத் தெரிந்த ஒருவரின் கண், கருவிகள் சொல்ல முடியாத ஆண்டையும் ஊரையும் அரசனையும் சொல்லிவிட்டது.

உலோகமல்லாத மற்றோர் உதாரணமும் இங்கு பொருந்தும். 1911-இல் காலியில் மதகொன்றின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த பலகைக் கல்லைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். புரட்டிப் பார்த்தபோது அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் எழுத்து இருந்தது. பிறப்பால் முஸ்லிமான சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொணர்ந்த அக்கல்லில் பொறித்த ஆண்டு 1409. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயராலும் காணிக்கைகள் கூறப்படுகின்றன. இன்று அது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. இந்த நாடு யாருடையது என்று வாதிடுவோர் அனைவரும் ஒருமுறை அதன் முன் நின்று பார்க்க வேண்டும்.

இடம் இழந்த பொருள்

வடமேற்கு ஐரோப்பாவின் பழைய உரோம மாகாணங்களில் வெண்கலத்தாலான பன்னிரு முகக் கூடுகள் நூற்றுக்கு மேல் கிடைத்துள்ளன. அவை எதற்குப் பயன்பட்டன என்பதற்கு விடை இல்லை. பழைய நூல் எதுவும் அவற்றைக் குறிப்பிடவில்லை. அவற்றுட் பல எங்கே, எவற்றுடன் கிடந்தன என்ற பதிவே இல்லாமல் அருங்காட்சியகங்களை அடைந்தவை. 2023-இல் இங்கிலாந்தின் நோர்ட்டன் டிஸ்னி என்ற கிராமத்தில், தொண்டர்கள் முறையாக அகழ்ந்தபோது ஒன்று கிடந்த இடத்திலேயே கிடைத்தது. ஆய்வாளர் அதனைப் பெரிதாகக் கருதியதற்குக் காரணம் அதுவே.

அதே இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டின் புதையற் சட்டம் கண்டெடுத்தவரை அறிவிக்கப் பணிக்கிறது. அறிவித்தவருக்கு வெகுமதியும் தருகிறது. 2009-இல் ஸ்டாபர்ட்ஷயரில் ஒருவர் தம் கருவியால் கண்ட ஆங்கிலோ-சாக்சன் பொன் வெள்ளித் திரளுக்கு 32 இலட்சத்து 85 ஆயிரம் பவுண் மதிப்பிடப்பட்டு, கண்டவருக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் பகிரப்பட்டது. சிறு பொருள்களையும் பதியும் அந்நாட்டின் திட்டத்தில் இன்று 15 இலட்சத்துக்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. சொன்னால் நன்மை உண்டு என்ற நம்பிக்கையே அத்தனை பேரைப் பேச வைத்தது.

இலங்கையின் நிலை வேறு. 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, தமது சொந்தக் காணியாயினும் தொல்பொருளைத் தேடி அனுமதியின்றி அகழ்வது குற்றமாகும். 1815 மார்ச் 2-ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களே சட்டத்தின் கண்ணில் தொல்பொருள்கள். நாட்டின் கடற்பரப்பில் கிடப்பவையும் அவற்றுள் அடங்கும். புதையல் தேடிக் கருவியுடன் பிடிபடுவோர் பற்றிய செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. பேராசைக்காக ஆலய மூலஸ்தானங்களையும் பழைய சியாரங்களையும் தோண்டுவோர் எச்சமூகத்தவராயினும் அவர்களுக்காக நாம் வாதாடப் போவதில்லை.

ஆயினும் தற்செயலாக ஒரு பொருளைக் கண்ட நேர்மையான குடிமகன் ஏன் வாய் திறப்பதில்லை? காணி பறிபோகும் என்ற அச்சமே காரணம். கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கென 2020 ஜூனில் ஜனாதிபதிச் செயலணி நியமிக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அக்குழுவில் அவ்விரு சமூகத்தவரில் ஒருவரேனும் இடம்பெறவில்லை. தொல்பொருள் என்ற சொல்லே எல்லைக் கல்லை நினைவூட்டும் நிலையில், மக்கள் கண்டதை மீண்டும் புதைப்பதில் வியப்பில்லை. அவ்வாறு புதைக்கப்படுவது அவர்களுடைய வரலாறே என்பதுதான் வேதனை.

பொன்னல்லாதவை

இதுவரை கூறியது பழையவை பற்றி. எமது மண்ணில் அண்மைக் காலத்தவையும் கிடக்கின்றன. 2002 முதல் நடைபெறும் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னமும் முற்றுப்பெறவில்லை. கண்ணிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. பிளாஸ்டிக் உறையினுள் சில கிராம் உலோகமே உள்ள மிதிவெடிகளும் உண்டு. எனவே கருவி மெலிதாக ஒலித்ததை மோதிரமென்று நினைத்து மண்வெட்டியால் கொத்துபவர் கையையோ கண்ணையோ இழக்கலாம். வெள்ளமும் பேரலையும் இவற்றை இடம் மாற்றக்கூடும். உருண்டையோ, குழாயோ, சிறகு பொருத்திய துண்டோ எதுவாயினும் தொடாதிருத்தல், வந்த வழியே திரும்புதல், தூரத்தே அடையாளமிடுதல், 119 இலக்கத்துக்கோ அண்மைய பொலிஸ் நிலையத்துக்கோ அறிவித்தல் ஆகிய நான்கையும் ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும்.

2025 ஜூலையில் எமது மாவட்டத்தின் சம்பூர்க் கரையோரத்தில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தோர் மனித எலும்புகளைக் கண்டனர். பணி நிறுத்தப்பட்டது. நீதவான் நேரில் பார்வையிட்டார். அவ்விடத்தில் அவசரக்காரர் ஒருவரின் மண்வெட்டி இறங்கியிருந்தால் நீதிமன்றத்துக்கு எஞ்சியிருக்கக்கூடியது வெறும் எலும்புக் குவியலே.

அதே ஆண்டு யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மனித எச்சங்களுடன் மீட்கப்பட்ட பொருள்கள், ஆகஸ்ட் 5-ஆம் திகதி நீதிமன்ற உத்தரவின்படி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. புத்தகப்பை, விளையாட்டுப் பொருள், காப்பு, செருப்பு ஆகியன அவற்றில் இருந்தன. சந்தையில் அவற்றுக்கு ஒரு சல்லியும் பெறாது. ஆனால் பிள்ளையைத் தேடும் தாய்க்கு அந்தச் செருப்பை விடப் பெறுமதியான பொருள் இந்த நாட்டில் வேறெதுவும் இல்லை. 1990-இல் குருக்கள்மடத்தில் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்ட முஸ்லிம்களின் உறவினரும் இதே மண்ணிடம் இதே கேள்வியுடன் காத்திருக்கின்றனர். பழங்காசை அடையாளம் காண அறிஞர் வேண்டும். இவற்றை அடையாளம் காண உறவினர் வேண்டும். இரண்டுக்கும் பொருள் கிடந்த இடம் குலையாதிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

மக்கள் செய்யக்கூடியது கடினமானதன்று. எதிர்பாராது ஒரு பொருள் வெளிப்பட்டால் வேலையை நிறுத்துக. வெடிபொருள் என்ற ஐயம் சிறிதுமிருந்தால் விலகுக. இல்லையெனில் கிடந்தவாறே படமெடுத்து, ஆழத்தையும் திசையையும் நாளையும் எழுதுக. எலும்பு கண்டால் எதையும் அசைக்காது பொலிஸாருக்கு அறிவிக்குக. பழம்பொருளாயின் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்க. ஆலய பரிபாலன சபையினரும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் தத்தம் ஊரில் இதற்கென ஒரு பதிவேடு பேணுவது பெரும் பயன் தரும். மும்மொழிக் கல்லைப் புரட்டிப் பார்த்தவர் போல, நாமும் எமது மதகுகளையும் படிக்கற்களையும் ஒருமுறை கவனித்துப் பார்க்கலாம்.

அரசு செய்ய வேண்டியது அதனினும் பெரிது. தமிழில் முறைப்பாட்டைப் பெற்றுத் தமிழில் பற்றுச்சீட்டு வழங்கும் அலுவலர் மாவட்டத்தில் இருக்க வேண்டும். தமிழும் அரபும் பாரசீகமும் வாசிக்க வல்லோர் ஆய்வில் இணைக்கப்பட வேண்டும். கண்டெடுக்கப்பட்டவை இம்மாவட்ட மக்கள் காணும் வண்ணம் இங்கேயே காட்சிப்படுத்தப்பட வேண்டும். ஒரு குடும்பத்தின் வளவில் காசு கிடைத்தது என்பதற்காக அக்குடும்பம் வளவை இழக்கமாட்டாது என்ற உறுதி எழுத்தில் தரப்பட வேண்டும். இவை வழங்கப்படாத வரை சட்டத்தின் கடுமை மட்டும் எவரையும் பேச வைக்காது.

1950-இல் கிணறு தோண்டியவர்கள் மண்வெட்டியை நிறுத்தியதால்தான் மறைக்கப்பட்ட தெய்வங்கள் ஆலயம் திரும்பின. 2025-இல் சம்பூரில் தேடியவர்கள் பணியை நிறுத்தியதால்தான் அங்கு கிடந்தோரைப் பற்றி நீதிமன்றம் கேள்வி கேட்க முடிந்தது. நிறுத்தத் தெரிந்த கையே மண்ணுக்குள் இருப்பதைக் காக்கிறது. சல்லிக் கரையில் நாளை எவரது காலில் எது தட்டுப்பட்டாலும், அதன் விலையைக் கேட்குமுன் அதன் இடத்தைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் எமக்கு வேண்டும்.